மே ஒன்பது

மூன்றாம் பக்கத்தின் கீழ் மூலையில்
மூன்று அங்குலம் என்னுடையது.
‘இதே நாளில்’ என்று தலைப்பு.
மேலே தங்கம் விலை, பக்கத்தில் நூல் விலை.
நகராட்சியின் பழைய கட்டுகளைத் தட்டினால்
மூக்கில் ஏறுவது தூசியா பஞ்சா,
இந்த ஊரில் பிரித்துச் சொல்ல முடியாது.

1921.
தெருவிளக்கு பதினான்கு. மண்ணெண்ணெய் ஒப்பந்தம்.
பௌர்ணமியை ஒட்டி ஐந்து இரவுகள்
ஏற்ற வேண்டாம் எனத் தீர்மானம்.
உறுப்பினர் செவந்தியப்பர் எழுந்து
மேகம் வந்தால்? என்று கேட்டிருக்கிறார்.
கேட்டது குறிக்கப்பட்டிருக்கிறது.
பதில் இல்லை.

1947. நாடே ஒன்றுக்குக் காத்திருந்த வருசம்.
இங்கே ஜின்னிங் ஆலைச் சங்கு
பத்து நிமிசம் முந்தி ஊதிவிட்டது.
வெளியே வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
அரைநாள் கூலி பிடித்தம்.
ஊதிய அங்கண்ணனுக்குச் சீட்டுக் கிழிந்தது.
முந்திக் கிடைத்த பத்து நிமிசத்தை
அவர்கள் என்ன செய்தார்கள் என்று
தேடிப் பார்த்தேன். எந்தக் கட்டிலும் இல்லை.

1962.
குழாய்த் திறப்பு. பந்தல், வாழைமரம், ரோஜா மாலை.
திருகினார்கள். காற்று வந்தது.
அனைவரும் கைதட்டினர் என்கிறது அறிக்கை.
தண்ணீர் எப்போது வந்ததென்று
அபராதப் புத்தகத்தில்தான் கிடைத்தது:
“வேலாத்தாள், கணவர் ராயப்பன்,
இரவு இரண்டு மணிக்குப் பொதுக்குழாயடியில்
நிறைகுடத்துடன் படுத்துறங்கிய வகையில்
ஐம்பது பைசா.”

1994. அன்றைக்கு ஆறு ஊதா.
எந்தக் கம்பெனிக்கு என்ன ஆர்டர் என்று
நொய்யல் பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம் அப்போது.
மனுக் கொடுக்க வந்தவர்
பாட்டிலில் பிடித்துவந்து மேசைமேல் வைத்திருக்கிறார்.
மனுவில் எழுத்து மங்கிவிட்டது,
பாட்டில் வைத்த வட்டம் மட்டும்
இன்னும் ஊதாவாக இருக்கிறது.
போடலாம்தான். மூன்றாம் பக்கம் கறுப்பு வெள்ளை.

2020.
பள்ளிக்கூட மைதானத்தில் ரயிலுக்குப் பட்டியல்.
சுதாம் நாயக். பிஜய் மாஜி. ரஞ்சிதா பெஹரா.
முப்பதாவது வரி வரைக்கும் பெயர்கள்.
எழுதியவருக்குக் கை வலித்திருக்கும்.
அப்புறம் ஒடிசா 31, ஒடிசா 32,
ஒடிசா நானூற்றுப் பதினெட்டு.

இவற்றுக்கு நடுவே
தாலுகா ஆபீஸ் மழைப் புத்தகம்.
வருசத்துக்கு ஒரு மே ஒன்பது.
மழை: இல்லை. மழை: இல்லை.
மழை: இல்லை என்று எழுதி எழுதி
எழுத்தரின் ‘லை’ கொம்பு தேய்ந்து
ஒரு கோடாகவே ஆகிவிட்டது.
1969இல் மட்டும் பேனா ஒருகணம் நின்றிருக்கிறது.
மைப்பொட்டு. பிறகு:
“தூறல். அளக்கப் போதவில்லை.”

ராத்திரி பத்தேகாலுக்கு
பனியன் கம்பெனி முதலாளியின்
பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி வந்தது,
முழுத்தொகை முன்பணத்தோடு.
லேஅவுட்டில் ஷாகிதா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:
“உனக்கு ஒரு வரிதான் மிச்சம்.”

ஒரு வரியில் வேலாத்தாளைப் படுக்கவைக்க முடியாது.
நானூற்றுப் பதினெட்டுப் பேரை
நிற்கவைக்கவும் முடியாது.
டீ ஆறிப் போகும்வரை யோசித்தேன் என்றில்லை,
மெஷின்காரர் வந்து வாசலில் நின்றார்,
நீளத்துக்குச் சரியாக இருந்ததைப் போட்டேன்.

இதே நாளில், 1969: தூறல். அளக்கப் போதவில்லை.

காலையில் ஆசிரியர் என்னைக் கூப்பிடவில்லை.
பதினோரு மணிக்கு ஊத்துக்குளிப் பக்கமிருந்து
ஒரு பெண்குரல், பேர் சொல்லவில்லை.

“ஏனுங் அம்மிணி,
அன்னைக்குக் களத்துல காயப்போட்ட மொளகா
ஏழு மூட்டை நனைஞ்சுபோச்சுங்.
அந்த வருசம் கம்மலை வித்தோம்.
அளக்கப் போதலைன்னு எழுதுனது யாருங்?”